சிவப்புப் பலகை

பூங்காவில் நிறுத்தியிருக்கும் பழைய ரயில் இஞ்சினுக்கு அடியில் நுழைவதற்கு முன்னால் சாலம்மாள் முதலில் செய்வது, சிவப்புப் பலகையை அதன் முன்கொக்கியில் மாட்டுவதுதான். முழ நீளத்துக்கு ஒரு மரப்பலகை. மேல்முனையில் கம்பி வளையம். 'நகர்த்தக் கூடாது' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுத்து. மாட்டிவிட்டு ஒருமுறை தட்டிப் பார்ப்பாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரீஸ் டப்பாவோடு சக்கரங்களுக்கு நடுவே குனிந்து போவாள்.

பூங்காக் காவலாளி காசிநாதனுக்கு இதைப் பார்த்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாகச் சிரிப்பு வரும்.

"எங்க போயிடப் போவுது சாலம்மா? கரி இல்ல, தண்ணி இல்ல, ஓட்டறதுக்கு ஆளு இல்ல. செத்த மாட்டுக்குக் கயிறு கட்டற மாதிரி இருக்குது."

"நீ கேட்டப் பாருண்ணே. ஆடு வந்து செம்பருத்திய மேஞ்சிக்கினு நிக்குது."

அவள் சிரிக்க மாட்டாள். சிரிப்பதற்குத் தெம்பும் வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் சின்னசேலம் போக வேண்டும். அந்தக் குறையாலோ என்னவோ, ஜங்ஷனில் கரி இஞ்சின்களை நிறுத்தி டீசல் கொண்டுவந்தபோது, ஊர்ப் பெரிய மனிதர்கள் எழுதிப் போட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். ரயில் வராத ஊருக்கு இஞ்சின் மட்டும் லாரியில் ஏறி வந்தது. சேலம் ரோட்டில் பூங்கா கேட்டுக்கு எதிரே லாரியை நிறுத்தி, கேட்டிலிருந்து பூங்காவின் நடுப்பகுதி வரை தண்டவாளம் போட்டு, ஜாக்கி வைத்து இறக்கி, இரும்புக் கயிற்றால் உள்ளே இழுத்தார்கள். இரண்டு நாள் வேலை. ஊரே வேடிக்கை பார்த்தது. சாலம்மாளும் கூட்டத்தில் நின்றாள்.

இஞ்சின்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஜங்ஷன் ஷெட்டில் அவள் பத்தொன்பது வருஷம் சாம்பல் குழியில் வேலை செய்தவள். இஞ்சின் வந்து குழிமேல் நிற்கும். அடியில் இறங்கிச் சாம்பலை வாரி, தண்ணீர் ஊற்றி அவித்து, கூடையில் சுமந்து கொட்ட வேண்டும். கரி இஞ்சின் நின்றதும் சாம்பல் நின்றது. சாம்பல் நின்றதும் கூலி நின்றது. புருஷன் சடையனைக் கூட்டிக்கொண்டு தம்பி இருக்கும் இந்த ஊருக்கு வந்துவிட்டாள்.

பூங்காவுக்குள் இஞ்சினை இழுத்து நிறுத்திய அன்றைக்கு மேஸ்திரி, "சக்கரத்த ரயிலோட வெல்டு வெச்சிடலாமா?" என்று யாரையோ கேட்டார். கேட்கப்பட்டவர் பதில் சொல்வதற்குள் சாலம்மாள் வாயைத் திறந்துவிட்டாள்.

"வெல்டு வெக்காதீங்க சார். நிக்கற இஞ்சின மாசத்துக்கு ஒரு தபா சாணளவு நகத்தணும். இல்லன்னா ஒரே எடத்துல பாரம் குந்தி அச்சு கெட்டுப்பூடும். ரெண்டு கட்டய அண்டக் குடுத்தாப் போதும்."

ஷெட்டில் அப்படித்தான் செய்வார்கள். நாளைக்கு ஓட வேண்டிய இஞ்சினுக்கு அது சரி. இந்த இஞ்சினுக்கு நாளை என்று ஒன்று இல்லை என்பது அப்போது அவள் புத்தியில் ஏறவில்லை. மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் தெரிந்தவள் போலிருக்கிறது என்று நினைத்தாரோ, வேலை மிச்சம் என்று நினைத்தாரோ, இரண்டு மரக்கட்டைகளைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பூங்கா ஆபீசர் அவளையே தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார். பூங்காவைப் பெருக்க வேண்டும், இஞ்சினைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

மூன்று வருஷமாக அவள் எண்ணெய் போட்டாள். துருகம் ரோட்டு லாரிப் பட்டறையில் கழித்துப்போடும் கிரீஸைக் கேட்டு வாங்கி வருவாள். மாதத்துக்கு ஒருமுறை காசிநாதனையும் கேட்டருகே கீரை விற்கும் பையன்களையும் கூப்பிட்டு, கடப்பாரையால் நெம்பி, ஒரு சாண் முன்னால், அடுத்த மாதம் ஒரு சாண் பின்னால். ஐம்பது டன் இரும்பு முனகாமல் நகரும்.

அதை ஒருநாள் தம்பி மகன் பகலவனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். "பத்து ஆளு கடப்பாரய போட்டாப் போதும்டா. கட்டய எடுத்துட்டா, இங்கேர்ந்து கேட்டு வரிக்கும் தானா போவும். தர சரிவுதான."

பகலவன் பி.எஸ்ஸி. இயற்பியல். தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, "நீ சொல்றது சரிதான் அத்த" என்றான். படித்தவன் சரி என்று சொன்னதில் அவளுக்கு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது.

அது எண்பத்தாறில். எண்பத்தேழு செப்டம்பரில் மறியல் வந்தது.

படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு சாலம்மாளின் சாதிசனம் ஒரு வாரம் ரோட்டை மறிப்பது என்று முடிவாகியிருந்தது. முதல் நாள் விடியும்போதே புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கின்றன என்றார்கள். வடக்கே துப்பாக்கிச் சூடு என்றார்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் சத்தம் இல்லை. ரைஸ்மில்களும் நின்றுவிட்டன. காதில் பஞ்சு அடைத்ததுபோல் ஊர் கிடந்தது.

சந்தைக்கு இறங்கி வந்த வெள்ளிமலை ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் போக பஸ் இல்லாமல் பூங்காவில் தங்கிவிட்டார்கள். புளி மூட்டைகளைத் தலைக்கு வைத்து இஞ்சின் நிழலில் படுத்திருந்தார்கள். அதில் வேடியப்பன் என்றொருவர் இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது ஓடுமாம்மா?"

"ஓடிக்கினு இருந்ததுதான்."

"இப்ப கெளப்பேன். மலயடிவாரத்துல எறக்கி வுட்டுட்டு வந்துடு. டிக்கெட்டு வேணாலும் எடுத்துக்கறோம்."

சாலம்மாளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பகலவன் வீட்டுக்கு வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. சடையன் வாசலில் ஒற்றைக் காலை நீட்டி, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். பூங்காவுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பது அவன் வேலை. சைக்கிள் வராததால் மூன்று நாளாக அங்கே சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தான்.

"வாடா மாப்ள. இன்னா, மரம் வெட்டற வேலக்கித்தான் பி.எஸ்ஸி. படிச்சியா?" என்றான் சடையன்.

"அதுவாச்சும் கெடச்சுதே மாமா" என்றான் பகலவன். மூன்று இன்டர்வியூவுக்குப் போய் வந்தவன். வேலை இல்லை என்று வந்த மூன்று கடிதங்களையும் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான்.

டீயைக் குடித்துவிட்டு அத்தையிடம் திரும்பினான்.

"அத்த, மரத்த வெட்டிப் போட்டா பிரயோஜனம் இல்ல. போலீசு லாரியில சங்கிலியக் கட்டி ஒரு மணி நேரத்துல இஸ்து ஓரமா போட்டுட்றான். அவனால இஸ்க்க முடியாத ஒண்ணு வேணும்."

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அடுப்பைப் பார்த்தாள்.

"நீதான சொன்ன. பத்து ஆளு போதும்னு."

"சொன்னேன்டா. போறத சொன்னேன். நிக்கறத சொன்னனா? அதுல பிரேக்கு இல்ல. ஆவி இருந்தாத்தான் பிரேக்கு. சரிவுல எறங்க ஆரமிச்சா கேட்டாண்ட ரயிலு முடியற எடத்துல மண்ணுல குத்தும். எந்தப் பக்கம் சாயும்னு யாருக்குத் தெரியும்? முன்னால எத்தினி பேரு இருப்பீங்க?"

"பின்னால கயிறு கட்டி புடிச்சிக்குவோம். நான் கணக்குப் போட்டுட்டேன்."

"கயிறு தாங்கும்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குது?"

"உனக்கு இன்னா அத்த தெரியும்?" அவன் குரல் உயர்ந்தது. "நாளக்கி எனக்குப் பொறக்கறதாச்சும் ஆபீசுல குந்தணும்னுதான் இதெல்லாம். நீ சாம்பல் வாரின. எங்கப்பன் கழனியில சேறு மிதிச்சான். நானும் பட்டம் வாங்கிக்கினு அதயே செய்யணுமா?"

அவன் சொன்னது அத்தனையும் நியாயமாகவே இருந்தது. அதற்காக ஒரு கால் போக வேண்டுமா என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. வாசலில் சடையன் இருந்தான்.

"காலையில பத்து மணிக்கு வரோம்" என்று சொல்லிவிட்டுப் பகலவன் எழுந்து போனான்.

சடையனின் கால் போனது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். ஷெட்டில் அவன் கலாசி, இஞ்சினைத் துடைத்து எண்ணெய் போடும் ஆள். ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினுக்கு அடியில் போகிறவன் சிவப்புப் பலகையை மாட்டிவிட்டுத்தான் போவான். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். வேறு யாராவது எடுக்க நேர்ந்தால், முதலில் கூப்பிட வேண்டும், "வெளிய வந்துட்டியா?" என்று. "வந்துட்டேன்" என்று பதில் வரும்வரை பலகையைத் தொடக் கூடாது. டிரைவர் பலகையை மட்டும்தான் பார்ப்பான். பலகை இல்லையென்றால் ஆள் இல்லை.

அன்றைக்கு ஐப்பசி மழை. புதிதாகப் பெயிண்ட் அடித்த பலகைகள். நனைந்தால் பெயிண்ட் உரிகிறதென்று ஃபோர்மேன் காலையில்தான் கத்தியிருந்தார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காக்கிச் சட்டை ஒன்று ஷெட்டுக்குள் ஓடியதைச் சாலம்மாள் பார்த்தாள். சடையன் என்று நினைத்துக்கொண்டாள். கொக்கியில் பலகை நனைந்துகொண்டிருந்தது. எடுத்து முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தாள். கூப்பிடவில்லை.

ஓடியது வேறு யாரோ. டிரைவர் விசில் கொடுத்து இஞ்சினை நகர்த்தினார். இரண்டு ஆள் நீளத் தூரம்தான். விசில் சத்தத்தில் சடையன் வெளியே பாய்ந்துவிட்டான். வலது கால் மட்டும் உள்ளே இருந்தது.

விசாரணையில் பலகை எங்கே என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. காற்றில் விழுந்திருக்கலாம் என்று எழுதி முடித்தார்கள். சாலம்மாள் ஆஸ்பத்திரியில் சடையன் தலைமாட்டில் நின்றாள். சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தாள். அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரே வீட்டில் சோறாக்கிப் போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு, அதை மட்டும் தொடாமல்.

பகலவன் வந்து போன அன்று இருட்டுவதற்கு முன்னால் பூங்காவுக்குப் போய் இரண்டு மரக்கட்டைகள் மேலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். காய்ந்த மரம் தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பினால் இறுகும். அவளால் முடிந்தது அவ்வளவுதான். போலீசில் சொல்லலாம்தான். சொன்னால் வேனில் ஏற்றுவார்கள், லத்தியால் அடிப்பார்கள். தம்பி மகன்.

காலையில் அவள் எட்டு மணிக்கே போய்விட்டாள். பலகையை மாட்டினாள். தட்டிப் பார்த்தாள். மலை ஆட்களிடம், "எல்லாரும் அந்தாண்ட மரத்தடிக்குப் போங்க, இங்க கொஞ்சம் வேல இருக்குது" என்றாள். வேடியப்பன், "கெளம்பப் போவுதா?" என்றார் ஆவலாக.

"கெளம்பாது. அதுக்குத்தான் வேல."

பத்து மணிக்கு மேல் இருபது இருபத்தைந்து பேர் கடப்பாரையும் கயிறுமாக வந்தார்கள். காசிநாதன் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். சாலம்மாள் அடியில் நடுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. வெறுங்கால்கள், ஹவாய் செருப்புகள். பகலவனின் செருப்பில் ஒரு வார் பின்னூசியில் நின்றது.

கண்ணில் பட்ட முதல் கட்டையை இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பினார்கள். இறுகியிருந்தது. நாலு பேர் சேர்ந்து நெம்பியதும் பிடுங்கிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே இஞ்சின் சின்னதாக ஒரு 'டக்' சத்தம் போட்டு, இன்னொரு கட்டையில் பாரத்தைச் சாய்த்தது.

"டேய், அடியில ஆளு இருக்குது!" என்று ஒருவன் குனிந்து பார்த்துக் கத்தினான்.

பகலவன் மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். "அத்த! இன்னா வெளயாடறியா? வெளிய வா."

"பலக தொங்குது பாத்தியா?"

"பலக கெடக்குது. வா அத்த, பேஜார் பண்ணாத."

"வேல முடியல. முடிஞ்சதும் நானே வந்து பலகய எடுப்பேன். அது வரிக்கும் யாரும் நகத்தக் கூடாது."

"உன் ஷெட்டு ரூலெல்லாம் இங்க எதுக்கு?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கெழவி மேல வுட்டு ஏத்துங்கடா" என்று ஒரு குரல். "எங்கத்தடா அது" என்று பகலவன் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தான். எழுந்து நின்றான். கொஞ்சம் யோசித்தான். பிறகு அவன் குரல் மாறியது. ஜெயித்துவிட்ட பையனின் குரல்.

"சரி. பலக இருக்கற வரிக்கும்தான ரூலு? பலகய எடுத்துட்டா நீ வெளிய வந்துதான ஆவணும்?"

ஹவாய் செருப்பு முன்பக்கமாக நடந்தது. கொக்கியில் கம்பி வளையம் உரசும் சத்தம் கேட்டது. ஆள் அடியில் இருக்கும்போது அந்தச் சத்தத்தை அவள் இன்னொருமுறை கேட்க வேண்டியதாகிவிட்டது. இந்தத் தடவை அடியில் இருந்து.

"டேய் மாப்ள! கைய எட்றா!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து சடையனின் குரல். வாயில் கெட்ட வார்த்தை இல்லாமல் அவன் கத்தி அவள் கேட்டதில்லை. ஊன்றுகோல் தார் ரோட்டில் டக் டக்கென்று வேகமாக வந்தது. கேட்டைத் தாண்டி மண்ணில் வந்தது. எல்லாச் செருப்புகளுக்கும் நடுவே ஒற்றைக் கால் வந்து நின்றது.

"போட்டவங்கதான்டா எடுக்கணும் அத."

"மாமா, நீயுமா? அத்தய வெளிய வரச் சொல்லு."

"அவ வருவா. வந்தப்பறம் அவ எடுப்பா. நீ தொடாத." மூச்சு வாங்கியது அவனுக்கு. "எடுத்தா இன்னா ஆவும்னு கேக்கறியா? இத்தப் பாரு." ஊன்றுகோல் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. "ஆகாதவன் எடுத்தாத்தான் தப்புன்னு நெனச்சிக்கினு இருக்காத. மழயில பெயிண்டு நனயுதேன்னு நல்ல மனசோட எடுத்தாக்கூட கால் போவும்டா."

கேட்டுக்கு வெளியே ஒரு காகம் கத்தியது.

சாலம்மாள் கிரீஸ் டப்பாவை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். பெயிண்ட் நனைந்த விஷயம் விசாரணையில் வரவில்லை. ஃபோர்மேனும் சொல்லவில்லை. அதற்காகத்தான் பலகை எடுக்கப்பட்டது என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

கம்பி வளையம் திரும்பவும் கொக்கியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"வாங்கடா" என்றது ஒரு மூத்த குரல். "பொம்பள அடியில கெடக்குது. நமக்கு எதுக்கு இந்தப் பாவம். கச்சிராயபாளையம் ரோட்ல இன்னும் நாலு மரம் நிக்குது." கடப்பாரைகள் தரையிலிருந்து எழுந்தன. பகலவன் கடைசியாகப் போனான். போகும்போது குனியவில்லை.

"ஊரே வூட்ட வுட்டு வந்து ரோட்ல நிக்குது. உனக்கு இந்தத் துருப்புடிச்சதுதான் பெருசா பூடுச்சி அத்த" என்று நின்றபடியே சொன்னான்.

அன்று மத்தியானம் கச்சிராயபாளையம் ரோட்டில் போலீஸ் வளைத்தது. பகலவனையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பூங்காவில் இருந்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள் என்று தம்பி பெண்டாட்டி ஜெயம்மாள் தெருக்குழாயடியில் நின்று சாலம்மாளைக் கிழித்தாள். "இரும்பக் காப்பாத்திக்கினா மகராசி. பெத்தவ வயிறு பத்தி எரியுது." சாலம்மாள் குடம் நிறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பூங்காவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நடக்காததைக் காட்ட முடியாது.

அது பிறகு. அந்தக் காலை நேரத்தில், எல்லோரும் போன பின்னால் அவள் இஞ்சினுக்கு அடியிலேயே இருந்தாள். பிடுங்கிய கட்டையைக் காசிநாதன் திரும்ப அடித்து இறுக்கினான். சடையன் இஞ்சினின் படியில் உட்கார்ந்தான். முகம் தெரியவில்லை, கால் தெரிந்தது. அதுவே அவளுக்கு வசதியாக இருந்தது.

"எப்பலேந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"அன்னிக்கேதான். அடியிலேந்து பாத்தா காலுதான தெரியும். உன் பச்சப் பொடவ கர தெரிஞ்சுது. வளையம் கழட்ற சத்தமும் கேட்டுது. சரி, கூப்புடுவ, வந்துட்டேன்னு சொல்லிட்டு வரலாம்னு பாத்துக்கினே இருந்தேன்."

அவள் கிரீஸ் படிந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா உன்னயும் வேலய வுட்டுத் தூக்கியிருப்பான். கால் பூடுச்சி, கூலியும் போவணுமா? இன்னாத்தத் துன்றது?" என்றான். "நீ சொல்லுவன்னு பாத்தேன். அப்பறம் மறந்துட்டேன்."

மறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மறியல் முடிந்தது. பஸ் ஓடியது. வெள்ளிமலை ஆட்கள் மூட்டைகளோடு முதல் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். வேடியப்பன் போகும்போது இஞ்சினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வெட்டிய மரங்கள் ரோட்டோரம் காய்ந்தன. நடந்த விஷயம் எப்படியோ மேலே போயிற்று. பூங்கா ஆபீசர் வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்து, "வெல்டு வெச்சிருக்குதுன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். முகம் வெளுத்திருந்தது. "மூணு வருஷமா இது சும்மா கட்ட மேலயா நிக்குது?"

"நான்தான் சார் வெக்க வாணாம்னேன்."

"நீ யாரும்மா வாணாம்னு சொல்றதுக்கு?"

ஷெட்டில் அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. இங்கே கேட்காமலே சொன்னாள், கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை வெல்டிங் மிஷினோடு இரண்டு பேர் வந்தார்கள். எட்டுச் சக்கரத்தையும் தண்டவாளத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டு, ராடு, பிஸ்டன் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட உத்தரவு. அசையாத இஞ்சினுக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் வேண்டாமென்றால் எண்ணெய் போடுகிறவளும் வேண்டாம். பெருக்குவதற்கு ஏற்கெனவே வேறொருத்தி வந்திருந்தாள். இதையெல்லாம் ஆபீசர் கோபப்படாமல்தான் சொன்னார்.

அன்று காலையிலும் சாலம்மாள் அடியில்தான் இருந்தாள். கடைசியாக ஒருமுறை அச்சுக்கெல்லாம் கிரீஸ் வைத்தாள். யாருக்கும் உதவாத வேலை. கை பழகியதைச் செய்தது.

வெல்டிங்காரர்களில் மூத்தவர் ஒரு காலத்தில் ரயில்வே பட்டறையில் இருந்தவராம். கொக்கியில் தொங்கிய பலகையைப் பார்த்துவிட்டு மிஷினைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

"இன்னாய்யா குந்திக்கினு இருக்கற? ஆரமி" என்றார் ஆபீசர்.

"பலக இருக்குது சார்."

"அது சும்மா தொங்குது. எடுத்து அந்தாண்ட போடு."

"நான் எடுக்கக் கூடாது சார்" என்று அவர் பீடியை இழுத்தார்.

சாலம்மாளுக்கு அடியில் இருந்தபடியே எல்லாம் கேட்டது. டப்பாவை மூடினாள். முழங்கால் வலித்தது. ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்து ஊர்ந்து வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. கொக்கிக்கு முன்னால் போய் நின்றாள். பலகையில் கை வைத்தாள், எடுக்கவில்லை. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் அன்று நல்ல கூட்டம். டோக்கன்களை ஒரு கையில் அடுக்கியபடி சடையன் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தான். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வாயருகே கையைக் குவித்தான்.

"வெளிய வந்துட்டியா?"

நடுவில் ஒரு பஸ் போயிற்று. வெள்ளிமலை பஸ். அது போகட்டும் என்று அவள் நின்றாள்.

"வந்துட்டேன்" என்றாள். அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. திரும்பவும் சத்தமாகச் சொன்னாள். "வந்துட்டேன்யா!"

பிறகு வளையத்தைக் கழற்றினாள்.

வெல்டிங் வெளிச்சம் பளீர் பளீரென்று அடிக்க ஆரம்பித்தது. பார்க்கக் கூடாது, கண் போய்விடும் என்றார்கள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கையில் பலகை, ஒரு கையில் டப்பாவோடு ரோட்டைக் கடந்தாள். சடையன் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தான்.

"பாதிக்கு மேல இருக்குதே" என்றான். "வெச்சிட்டுப் போ. சைக்கிளுக்குப் போடலாம்."